மீசைக்காரன் மவுத்பீஸ்

கைக்கு வந்ததை உடனே பார்க்க மாட்டார். உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டு, உடம்புச் சூடு அதில் ஏறும்வரை வேறு எதையாவது பேசிக்கொண்டிருப்பார். தண்ணீர் வந்ததா, பால்காரருக்கு ஜுரம் விட்டதா என்று. பிறகு காதருகே கொண்டுபோய் நகத்தால் ஒரு சுண்டு. சுண்டுவிரலை உள்ளே விட்டு ஒரு சுழற்று. மூக்கருகே ஒரு மோப்பம். கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு, தூங்குகிற குழந்தைக்கு முத்தம் கொடுப்பதுபோல உதட்டில் ஒற்றி எடுப்பார். ஊத மாட்டார். ஒற்றி எடுப்பதோடு சரி.

“கார்னெட்டு வாத்தியத்தோடது. அறுபது வருஷம் இருக்கும். வெள்ளி முலாம் ரெண்டு தடவை போட்டிருக்காங்க, ரெண்டாவது தடவை போட்டவன் சோம்பேறி. ஊதினவனுக்கு மேலுதடு தடிப்பு.”

யாராவது மறுத்துப் பேசினால் கோபம் வராது. பரிதாபம்தான் வரும்.

இவர் என் கொழுந்தன். நான் இந்த வீட்டுக்கு வாழ வந்த அன்று முழங்காலில் சிராய்ப்போடு கதவுக்குப் பின்னால் நின்ற பதினோரு வயதுப் பையன். இப்போது அறுபத்தெட்டு. நான் கீழே இருக்கிறேன், அவரும் என் ஓர்ப்படியும் மாடியில். என் பிள்ளைகள் ‘பீஸ் சித்தப்பா’ என்று வைத்த பெயரை அவர்கள் பெற்ற பிள்ளைகளும் முறை பார்க்காமல் சொல்கிறார்கள். தபால்காரர்கூட ‘பீஸ் சித்தப்பா வீடு இதுதானே’ என்று என்னிடம் கேட்டிருக்கிறார். அவருக்கு ஐம்பத்தைந்து வயது.

மவுத்பீஸ் என்பது என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். எனக்கும் கல்யாணமாகிப் பல வருஷம் தெரியாது. பேண்டு வாத்தியத்தில் உதடு வைக்கிற இடத்தில் ஒரு பித்தளைக் கிண்ணம் இருக்கிறதே, காம்பு வைத்த சின்னக் கிண்ணம், அதுதான். தனியாகக் கழன்று வரும். வாத்தியம் போன பிறகும் அது மட்டும் எங்காவது மேஜை இழுப்பறையில் உருண்டுகொண்டிருக்கும். அப்படி உருள்கிறவை கடைசியில் எங்கள் மாடிக்கு வந்து சேரும். எந்த வாத்தியத்துக்கு உரியது, எந்தக் காலத்தது, யார் செய்தது என்று இவர் சொல்வார். முத்திரை தேய்ந்தது, பாதி மரம் பாதி பித்தளை, விளிம்பு மட்டும் கண்ணாடி, இப்படி யாருக்கும் பெயர் தெரியாத விநோதம் என்றால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது.

முன்னூற்றுப் பன்னிரண்டு இருக்கின்றன. எல்லாம் முட்டை அட்டைகளில். முட்டை உட்காருகிற குழியில் மவுத்பீஸ் கச்சிதமாக உட்காரும் என்பது அவருடைய கண்டுபிடிப்பு. கட்டிலுக்கடியில் நாலு அடுக்கு, பரணில் ஆறு. கடைக்காரர் ஒருவர், ‘வாரம் ஒரு அட்டை வாங்குறீங்களே, மாடியில ஓட்டல் வெச்சிருக்கீங்களா?’ என்று என் ஓர்ப்படியைக் கேட்டாராம். இவருக்கு வேண்டியது அட்டை. முட்டையைத் தீர்க்க வேண்டியது அவள் பாடு.

வீட்டில் ஊதுகிற வாத்தியம் ஒன்றுகூடக் கிடையாது. அவருக்கு ஊதவும் வராது. ஒருமுறை கண்காட்சி மைதானத்தில் யாரோ ஒரு ட்ரம்பெட்டைக் கையில் கொடுத்துவிட்டார்கள். வெறும் காற்றுதான் வந்தது. “பானையே இல்லாத வீட்டுல முன்னூறு மூடி இருக்கு அக்கா. உங்க கொழுந்தனார் சம்பாத்தியம்” என்பாள் ஓர்ப்படி.

பம்பு செய்கிற ஆலையில் முப்பத்து நாலு வருஷம் லேத் ஓட்டினார். உருக்குவதற்காக வந்த பித்தளைக் குப்பையில் முதல் மவுத்பீஸைப் பார்த்தாராம். “உள்ள ஒரு வளைவு இருந்துச்சு அண்ணி. லேத்துல அந்த வளைவைக் கொண்டுவர எனக்கு ஒரு வாரம் ஆகும். எவனோ செஞ்சு, எவனோ ஊதி, குப்பையில கிடந்துச்சு.” அன்று பிடித்தது.

அதற்குப் பிறகு மனிதர்களைப் பார்க்கிற பார்வையே மாறிவிட்டது. என் நாத்தனார் மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கப் போனோம். எல்லோரும் பையனின் வேலையை, வீட்டை, பேச்சைக் கவனித்தோம். வெளியே வந்து இவரைக் கேட்டால், “நல்ல பையன். பிரெஞ்சு ஹார்ன் உதடு” என்றார். என் இரண்டாவது பேத்தி பிறந்தபோது ஆஸ்பத்திரியில் துணியை விலக்கிப் பார்த்துவிட்டு, “டியூபா” என்று ஒரே சொல்லில் முடித்தார். பேண்டிலேயே பெரிய வாய் கேட்கிற வாத்தியம் அதுதான் என்று தெரிந்ததும் பெற்றவள் பத்து நாள் பேசவில்லை.

உறவுக்காரர்கள் துவாரம் உள்ள எந்தப் பித்தளையைக் கண்டாலும் இவருக்கு அனுப்பிவிடுவார்கள். கண் கழுவுகிற கிண்ணம் வந்திருக்கிறது, கட்டில் கால் குமிழ் வந்திருக்கிறது, கப்பலில் மேல்தளத்திலிருந்து கீழ்த்தளத்துக்குப் பேசுகிற குழாயின் வாய்கூட வந்திருக்கிறது. எதுவானாலும் ஒரு முறை உதட்டில் ஒற்றிவிட்டுத்தான் திருப்பிக் கொடுப்பார். அப்படி ஒற்றிய ஒன்று ஏதோ குளியலறைச் சாமான் என்று பிற்பாடு தெரிந்தது. என்னவென்று நான் எழுதப் போவதில்லை.

இத்தனையிலும் அவருக்குப் பிடிபடாதது ஒன்றே ஒன்று. அதைத் தனியாக ஒரு சோப்பு டப்பாவில் கம்பளித் துணி விரித்து வைத்திருந்தார். குழாயை நீட்டிச் சுருக்கி ஊதுகிற டிராம்போனுக்கு உரியது, அதில் சந்தேகமில்லை. ஆனால் விளிம்பு முழு வட்டமாக இல்லை. முத்திரை மேலே வரப் பிடித்தால் மேல்விளிம்பில் கொஞ்சம் இடப்பக்கமாக ஒரு சின்னப் பள்ளம், யாரோ விரலால் அழுத்தினாற்போல. பதினோரு வருஷம் அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். வெளிநாட்டுக்கெல்லாம் படம் அனுப்பினார். ஒருவருக்கும் தெரியவில்லை. கடைசியில் ஒரு நாள் முகம் கழுவும்போது உதித்ததாம். மீசை! அந்தக் காலத்து ராணுவ பேண்டுக்காரர்கள் பெரிய மீசை வைத்திருப்பார்கள், விளிம்புக்கடியில் மீசை மாட்டி வலிக்கும், அதற்கு இடம் விட்டுச் செய்தது. பள்ளம் மேலே மூக்குப் பக்கம் வர வேண்டும்.

“சரி, ஏன் இடது பக்கமா இருக்கு?” என்று கேட்டேன்.

“ஒரு பக்கத்தை மட்டும் அதிகமா முறுக்குவாங்க அண்ணி. கையோட பழக்கம்.”

சோதித்துப் பார்க்க ஆறு மாதம் மீசை வளர்த்தார். வங்கியில் புதுப் படம் கேட்டார்கள். மகன் போனில் முகத்தைப் பார்த்துவிட்டு, “அம்மா, யாரும்மா அது?” என்று கத்தினான். ஓர்ப்படி என்னிடம் வந்து, “இத்தனை வருஷம் கழிச்சு வேற ஒருத்தர்கூடக் குடித்தனம் பண்ற மாதிரி இருக்கு அக்கா” என்று அழவும் முடியாமல் சிரிக்கவும் முடியாமல் நின்றாள். ஆறாம் மாதம் முடிவில், மீசைக்காகத்தான் என்று உறுதி செய்து, மழித்துவிட்டு, எட்டுப் பக்கக் கட்டுரை எழுதினார். பழைய வாத்தியங்களுக்குக் கண்காட்சி நடத்துகிற ஒரு சங்கம் அதை ஏற்றுக்கொண்டது. புதன்கிழமை ஆள் வந்து வாங்கிப் போவார், கண்ணாடிப் பெட்டியில் வைப்போம், கண்டறிந்தவர் என்று உங்கள் பெயரைப் போடுவோம் என்று கடிதம் வந்தது. எங்கள் குடும்பத்தில் கல்யாணப் பத்திரிகை தவிர வேறெதிலும் யார் பெயரும் அச்சில் வந்ததில்லை. கடிதத்தைத் தெருவில் எட்டு வீட்டுக்குக் காட்டினார். ஒன்பதாவது வீடு பூட்டியிருந்தது.

அந்தப் புதனுக்கு முந்தின ஞாயிறு காலையில்தான் டிராம்போன்காரர் வந்தார்.

அவர் யாரென்றால், என் பெரியம்மா மகள் ஒருத்தி இருக்கிறாள், மூத்தவள் இல்லை, இரண்டாமவள், குட்டையாக இருப்பாளே அவள், அவளுடைய கொழுந்தன். தீயணைப்பு நிலைய பேண்டில் டிராம்போன் ஊதுகிறார். இருபத்தெட்டு வருஷம் எத்தனையோ உயர ஏணியில் ஏறி இறங்கியவர், வீட்டில் பல்பு மாட்ட முக்காலியில் ஏறி விழுந்து கீழ்ப் பல் இரண்டை உடைத்துக்கொண்டார். வைத்தியர் கட்டிக் கொடுத்த பொய்ப்பல் ஒரு அரிசி அளவு முன்னால் நின்றது. ஊதுவதற்கு அழுத்தினால் விளிம்பு அந்தப் பல்லைப் பிடித்து ஈறுக்குள் தள்ளுகிறது. உயிர் போகிறது.

“வியாழக்கிழமை தேர்வு இருக்குக்கா. ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை எல்லாரும் தனியா ஊதிக் காட்டணும். தேறலைன்னா குழாய்க் கிடங்குக்கு மாத்திடுவாங்க. தண்ணிக் குழாயைச் சுருட்டி வைக்கிற வேலை.” சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தார். “சம்பளம் அதேதான். ஆனா பத்தொன்பது வயசுலேருந்து இதைத்தான்க்கா ஊதுறேன்.”

நான் அவரை மாடிக்கு அழைத்துப் போனேன். என் கொழுந்தனுக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. “ஆ காட்டுங்க” என்றார். டார்ச் அடித்துப் பார்த்தார். ஆலையில் பழகிய வெர்னியர் அளவுகோலை எடுத்துப் பல்லை அளந்தார்.

“அவரு முதல்ல டீயைக் குடிக்கட்டும். அப்புறமா வாயை அளங்க” என்றாள் ஓர்ப்படி.

“டீ குடிச்சா பல்லு சூடாகும். அளவு மாறும்.”

“அவரு என்ன தண்டவாளமா?”

சாதாரண அட்டையிலிருந்து ஏழெட்டு எடுத்துக் கொடுத்தார். எதை வைத்தாலும் அந்த மனிதர் முகம் கோணிற்று. பரணில் இன்னோர் அட்டை இருக்கிறது என்று கொழுந்தன் ஏணியில் ஏறினார். நானும் ஓர்ப்படியும் ஏணியைப் பிடித்துக்கொண்டோம். அந்த நேரத்தில் பின்னால் ஒரு சத்தம். வாத்து கோபத்தில் கத்தினாற்போல. முன்னூறு மவுத்பீஸ் இருந்த வீட்டில் முதன்முதலாகக் கேட்ட சத்தம் அதுதான்.

திரும்பினால், டிராம்போன்காரர் மேஜையில் இருந்த சோப்பு டப்பாவைத் திறந்து, அந்த மீசைக்காரன் மவுத்பீஸை எடுத்து வாயில் வைத்திருக்கிறார்.

“கீழ வைங்க!” ஏணி உச்சியிலிருந்து கொழுந்தன் கத்தினார். “அதை யாரும் தொடக்கூடாது! அதுவும் தலைகீழா வெச்சிருக்கீங்க!”

“அண்ணே...”

“பள்ளம் மேல வரணும்! மூக்குப் பக்கம்!”

“மேல வந்தா உக்காரலைண்ணே. கீழ வந்தா உக்காருது.” அந்த மனிதருக்குக் கண் கலங்கியிருந்தது. “அண்ணே, வலிக்கல.”

சொல்லிவிட்டு, தன் பெட்டியைத் திறந்து டிராம்போனைப் பூட்டி, மவுத்பீஸைச் செருகி, ஒரே ஒரு சுரத்தை நீட்டி ஊதினார். அலமாரியில் தட்டுகள் அதிர்ந்தன. எதிர்வீட்டில் யாரோ சன்னலைத் திறந்தார்கள். வலது கையால் குழாயை இழுத்து இழுத்து மேலே ஏறினார், இறங்கினார். நிறுத்த மனமில்லாமல் நிறுத்தினார்.

கொழுந்தன் ஏணியிலிருந்து ஒவ்வொரு படியாக இறங்கி வந்தார். மவுத்பீஸை வாங்கி, பூதக்கண்ணாடியைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு, சன்னலோரம் போய்ப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு மேஜை மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

“அரம்” என்றார்.

“என்ன தம்பி?”

“அரம் போட்டிருக்கான் அண்ணி. செஞ்ச கம்பெனி வெச்ச பள்ளம் இல்ல இது. வாங்கின பிறகு, எவனோ பல்லு போனவன், தன் பல்லுக்குத் தக்கபடி கையால அராவியிருக்கான். கீழ்ப்பல்லு. திருப்பினா வலது பக்கம்.”

முப்பத்து நாலு வருஷம் லேத் ஓட்டினவருக்கு அரம் போட்ட கீறல் தெரியாதா? தெரிந்திருக்கிறது. நோட்டை எடுத்துக் காட்டினார். முதல் வருஷமே கீறலைப் பார்த்து, ‘இந்தக் கம்பெனிக்கே உரிய தனி மினுக்கு வேலை’ என்று எழுதி, அடியில் இரண்டு கோடும் போட்டிருக்கிறார். பிறகு வந்த மீசை அதையும் மறைத்துவிட்டது.

“அப்போ அந்த ஆறு மாசம்?” என்றாள் ஓர்ப்படி.

அவர் நோட்டை மூடி வைத்தார். அவள் வாயைப் பொத்திக்கொண்டு படிக்கட்டுக்குப் போனாள். அங்கே உட்கார்ந்து அவள் சிரித்த சிரிப்பு இங்கே கேட்டது.

டிராம்போன்காரர் மவுத்பீஸைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கொழுந்தனுக்கு மறுக்கவாவது முடிந்திருக்கும். “உங்களுக்கு எத்தனை வருஷத்துப் பொருள்ணே அது. இது மாதிரி இன்னொண்ணு அராவித் தர முடியுமான்னு பாருங்க” என்றுதான் சொன்னார்.

பார்த்தார். தன் அட்டையில் இருந்த மவுத்பீஸை யாராவது சாம்பல் போட்டுத் துடைத்தாலே சண்டைக்கு வருகிறவர், மூன்றை எடுத்து அரத்தை வைத்தார். முதல் இழைப்புக்குக் கண்ணை மூடிக்கொண்டதை நான் பார்த்தேன். திங்கட்கிழமை வேலை முடிந்து டிராம்போன்காரர் வந்து முதலாவதை ஊதினார். காற்று கசிந்தது. செவ்வாய்க்கிழமை இரண்டாவது. “கீழ வருதுண்ணே. மேல ஏறினா பல்லு கத்துது.” மூன்றாவதில் ஒரு இழைப்பு அதிகமாகிவிட்டது. வாயில் வைக்கவே முடியவில்லை.

“அந்த ஆளு இதை ஒரு நாளுல செஞ்சிருக்க மாட்டான்” என்றார் கொழுந்தன், கையில் ஒட்டிய பித்தளைத் தூளை ஊதிக்கொண்டே. “ஊதிப் பார்ப்பான், ஒரு இழை தேய்ப்பான், திரும்ப ஊதுவான். மாசக்கணக்கா பண்ணியிருக்கான். எனக்கு ஊதவே வராதே.”

டிராம்போன்காரர் எங்கள் மூன்று பேரிடமும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டு போனார். படியிறங்கும்போது பெட்டியைச் சுவரில் இடிக்காமல் தூக்கிக்கொண்டு போனார். அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

புதன்கிழமை கண்காட்சிக்காரர் வந்தார். கோட்டு, கண்ணாடிப் பெட்டி, உள்ளே வைக்கத் தங்க எழுத்தில் அட்டை. ‘மீசைக்காரன் மவுத்பீஸ்’ என்று பெரிதாக. கீழே கண்டறிந்தவர் என்று என் கொழுந்தன் பெயர், அப்பா பெயரின் முதலெழுத்தோடு. நான் அதைக் கையில் வாங்கித் தடவிப் பார்த்தேன். எழுத்து மேடாக இருந்தது. போதாக்குறைக்கு வந்தவருக்கே பெரிய மீசை. மவுத்பீஸை வாங்கி, பள்ளத்தை மூக்குப் பக்கம் வைத்து உதட்டில் ஒற்றினார். கண்களை விரித்தார்.

“அடடா! என்ன சுகமா உக்காருது சார்! உங்க கட்டுரையில ஒரு எழுத்து தப்பில்ல!”

நானும் ஓர்ப்படியும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. பார்த்தால் ஏதாவது ஒன்று வெடித்துவிடும். கொழுந்தன் அந்த அட்டையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். தொண்டையைக் கனைத்தார்.

“தலைகீழா வெச்சிருக்கீங்க ஐயா.”

“என்னது?”

“பள்ளம் கீழ வரணும். அது மீசைக்கு இல்ல, பல்லுக்கு. எவனோ அரம் போட்டது. நான் எழுதின எட்டுப் பக்கமும் தப்பு.” மூச்சு விடாமல் சொல்லி முடித்தார். “மீசை வளர்த்தது மட்டும் நிஜம்.”

வந்தவர் கொஞ்ச நேரம் தன் மீசையைத் தடவிக்கொண்டே யோசித்தார். கெட்டிக்காரர். “அதனால என்ன சார்? பொய்ப்பல் மவுத்பீஸ்னு போட்டுட்டாப் போச்சு. அதுவும் அபூர்வம்தான். உங்க பேரு அப்படியே இருக்கட்டும். குடுங்க” என்று பெட்டியைத் திறந்து நீட்டினார்.

இதை நாங்கள் யாரும் எதிர்பார்க்கவில்லை. உண்மையைச் சொன்ன பிறகும் பெயர் போகாமல் அப்படியே நிற்கிறது, கொடுத்தால் போதும். கொழுந்தனின் கை டப்பாவரை போயிற்று. அங்கேயே நின்றது.

“இல்லைங்க ஐயா. அதுக்கு நாளைக்கு வேலை இருக்கு.”

“எதுக்கு?”

“இதுக்குத்தான். வியாழக்கிழமை, பத்து மணிக்கு.”

வந்தவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. கண்ணாடிப் பெட்டி வந்தபடியே திரும்பிப் போயிற்று. அவர் போனபின் ஓர்ப்படி சமையலறையிலிருந்து வந்து, கணவருக்கு டீயை வைத்துவிட்டு, போகிற போக்கில் அவர் தோளில் ஒட்டியிருந்த பித்தளைத் தூளைத் தட்டிவிட்டாள். அன்று சாயங்காலமே அவர் சோப்பு டப்பாவைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு டிராம்போன்காரர் வீட்டுக்குப் பஸ் ஏறினார்.

வியாழக்கிழமை நாங்கள் மூன்று பேரும் போனோம். தீயணைப்பு நிலையத்து முற்றத்தில் சிவப்பு வண்டிகளைத் தள்ளி நிறுத்திவிட்டு நாற்காலி போட்டிருந்தார்கள். பேண்டு மாஸ்டர் கையில் பேனாவோடு உட்கார்ந்திருந்தார். வெளியாட்கள் கம்பி வேலிக்கு இந்தப் பக்கம்.

டிராம்போன்காரர் நடுவில் வந்து நின்றார். ஊத ஆரம்பித்தார். சங்கீதம் எனக்குத் தெரியாது. ஆனால் அந்த மனிதர் முகத்தில் வலி இல்லை என்பது தெரிந்தது. எல்லோரும் நீண்டு சுருங்குகிற குழாயைப் பார்த்தார்கள். என் கொழுந்தன் மட்டும் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். மேலே, மேலே, கடைசிப் படிக்குச் சத்தம் ஏறி நின்றபோது, “ஒரு நூல் வலது பக்கம் போயிருக்கு” என்று முனகினார்.

“உஸ்” என்றாள் ஓர்ப்படி.

பேண்டு மாஸ்டர் எதையோ எழுதினார். தலையை ஆட்டினார். “சரி, வழக்கம்போல உங்க இடத்துல போய் உக்காருங்க. அடுத்த ஆள்” என்றார்.

டிராம்போன்காரர் தன் இடத்துக்குப் போகவில்லை. நேராக வேலிக்கு வந்தார். வாய் நிறையச் சிரிப்பு, அந்த இரண்டு பல்லும் அரிசி அளவு முன்னால். மவுத்பீஸைக் கழற்றி, சட்டை ஓரத்தால் நன்றாகத் துடைத்து, கம்பி இடைவெளியில் இரண்டு கையாலும் நீட்டினார்.

“இந்தாங்கண்ணே. உங்க பொருள்.”

கொழுந்தன் அதை வாங்கினார். விளிம்பை ஒருமுறை பார்த்தார். பிறகு இன்னொரு கையை வேலிக்குள் விட்டு டிராம்போனைத் தன் பக்கம் இழுத்து, மவுத்பீஸை அதில் செருகி, ஒரு கண்ணை மூடிக் குறி பார்த்து, இடப்பக்கம் ஒரு நூல் திருப்பி அழுத்திவிட்டார்.